அயலான் ஸ்டாப்

பாறசாலையிலிருந்து பனச்சமூடு போகிற பஸ்ஸில் ஏறி "அயலான் ஒண்ணு" என்று கேட்டால், கண்டக்டர் மறுபேச்சில்லாமல் டிக்கெட் கிழித்துத் தருவார். அப்படி ஒரு ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது. அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு பிழை. தமிழ் டீச்சர் செய்த தமிழ்ப் பிழை என்பதால் பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் லேசில் விட்டபாடில்லை.

கேரள எல்லையோரமான எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வீட்டில் ஒருவர் இறந்துபோனால், கையில் கொஞ்சம் காசு உள்ளவர்கள் அவர் நினைவாக ரோட்டோரத்தில் ஒரு வெயிட்டிங் ஷெட் கட்டுவார்கள். நான்கு தூண், மேலே கான்கிரீட், உட்கார ஒரு சிமெண்ட் பெஞ்சு, நெற்றியில் ஒரு கருங்கல் பலகை. பலகையில் பெயர், பெயருக்குக் கீழே 'ஸ்மாரகம்', அதாவது நினைவுச்சின்னம். நெய்யாற்றின்கரை போய் வருவதற்குள் நாலைந்து செத்தவர்களின் நிழலில் ஒதுங்கி எழுந்துவிடுவோம். யாராவது பைக்கைத் தாறுமாறாக ஓட்டினால் "இவனுக்கு சீக்கிரம் ஷெட்டு கெட்டணும் போல" என்பது எங்கள் ஊர்க் கேலி. பைக் ஓட்டினவனின் அம்மை கேட்டுவிட்டால், சொன்னவனைத் தேடித் துடைப்பத்தோடு வருவாள்.

எங்கள் ஷெட்டைக் கட்டியவன் என் அண்ணன். அவன் குவைத்தில் லாரி பட்டறையில் வேலை பார்த்தவன். தொண்ணூறில் அங்கே ஈராக் பட்டாளம் புகுந்தபோது முதலாளி ஓடிப்போய்விட்டான். அண்ணனின் பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் மாட்டிக்கொண்டது. எங்களுக்கு ஒரு மாதம் கடிதமும் இல்லை, போனும் இல்லை. அம்மா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு ரேடியோவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவனைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவனுடைய அடுத்த அறையில் இருந்த ஒரு லாரி டிரைவர். பாகிஸ்தான்காரர். எல்லோரும் உஸ்தாத் என்று கூப்பிடுவார்களாம். முழுப்பெயரைக் கேட்க அண்ணனுக்கு அதுவரை தோன்றவில்லை.

அவர் தன் லாரியில் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு ஜோர்டான் எல்லைக்கு ஓட்டினார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில், காகிதம் இல்லாததால் அண்ணனை மட்டும் கீழே இறக்கிச் சுவரோரம் நிறுத்தினார்கள். உஸ்தாத் இறங்கிவந்து, அவன் தோளில் கையைப் போட்டு, "இவன் என் தம்பி" என்று அரபியில் சொன்னார். இரண்டு முகத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வரும். அண்ணன் எங்கள் ஊர்க் கருங்கல் நிறம். ஆனாலும் சிப்பாய் கையை அசைத்துவிட்டான். எல்லையில் இவர்களை இறக்கிவிட்டு, தண்ணீர் பிடித்துக்கொண்டு, அறையில் மிச்சம் இருந்தவர்களைக் கூட்டிவரத் திரும்பிப் போனார் அந்த மனிதர். அவர் போன லாரி எரிந்து ரோட்டில் கிடந்தது என்று ஆறு மாதம் கழித்து ஒரு கடிதத்தில் தெரிந்தது.

தொண்ணூற்றேழில் சுதந்திரத்துக்கு ஐம்பது வயது. வாசகசாலையில் கூட்டம் போட்டு, கொடிக்கம்பம் நடலாமா, ஊர்வலம் போகலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் எழுந்து, ரோட்டோரத்தில் எங்கள் நிலத்தின் மூலையில் ஒரு ஷெட் கட்டித் தருகிறேன், சுதந்திர ஸ்மாரகமாக இருக்கட்டும் என்றான். யாருடைய நினைவுக்கு என்று கேட்டதற்கு, கல்ஃபில் எனக்குத் துணையாக இருந்த ஒருவருக்கு என்று மட்டும் சொன்னான். வீட்டுக்கு வந்து என்னிடம் வேறு மாதிரி சொன்னான்.

"நாட்டுக்கு சுதந்திரம் ஆகஸ்ட் பதினஞ்சு. எனக்கு, அந்த ஆளு தம்பின்னு சொன்னாருல்லா, அந்த நாளாக்கும்."

அந்த ஆளின் நாடு எது என்பது ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: அண்ணன், நான், வாசகசாலைச் செயலாளர். பயந்துதான் மறைத்தோம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெயரும் தெரியாது, நாட்டையும் சொல்ல முடியாது. கல்லில் பிறகு என்னத்தைத்தான் எழுதுவது? செயலாளர் கெட்டிக்காரர். அடுத்த அறைக்காரன், அடுத்த நாட்டுக்காரன், இரண்டுக்கும் மலையாளத்தில் அயல்க்காரன் என்ற ஒரே சொல் போதும் என்றார். 'அயல்க்காரன்டெ ஓர்மய்க்கு, ஸ்வாதந்த்ரியத்தினும் சௌஹ்ருதத்தினும்' என்று இடப்பக்கம் மலையாளத்தில் எழுதினார். வலப்பக்கம் தமிழ். அது என் பொறுப்பு. இரண்டு பாஷையும் ஒரே வாயில் வளர்ந்த எனக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. 'அயலான் நினைவாக. விடுதலைக்கும் நட்புக்கும்' என்று அழகாக எழுதிக் கொடுத்தேன்.

திறப்பு விழா முடிந்த மறுவாரம், பள்ளிக்கூடத்துக்கு வந்த திருநெல்வேலிக்கார அதிகாரி ஒருவர் அங்கே பஸ்ஸுக்கு நின்றார். கல்லைப் படித்தார். "என்ன டீச்சர், அந்நியனுக்கு நினைவுச்சின்னமா?" என்று கேட்டுச் சிரித்தார். எங்களுக்கு அயல் என்றால் பக்கம். அவருக்கு அயல் என்றால் வெளி. என் காது சூடாகிவிட்டது. அதற்குள் கண்டக்டர்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். "அயலான் எறங்கு" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை என் பிழை என் வீட்டு வாசலில் கூவப்பட்டது.

அந்த ஷெட்டைக் கட்டிய கொத்தனார் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். எங்கள் பக்கம் கொத்தனாரை மேசிரி என்போம். நான் அவரை மாமா என்பேன். காஞ்சிரங்குளத்துக்குக் கீழே கடற்கரையிலிருந்து மேலேறி வந்த குடும்பம். அவருடைய அப்பா வரைக்கும் மீன்பிடித்தவர்கள்; இவர்தான் வள்ளத்தை விட்டுச் சாந்துக் கரண்டியைப் பிடித்தவர். அவருக்கு ஒரே மகன், பட்டாளத்தில். ஷெட் கட்டிய சமயம் அவன் லீவில் வந்திருந்தான். கல்லை நெற்றியில் ஏற்றும்போது ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை மகனும் தூக்கினார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் கல் தலைகீழாக இருப்பதை அந்தப் பிள்ளைதான் கண்டுபிடித்தான்.

தொண்ணூற்றொன்பதில் கார்கிலில் சண்டை வந்தது. அவன் அங்கேதான் இருந்தான்.

வந்த கடைசிக் கடிதம் மே மாதத்தில் எழுதியது. மழை பிடித்து, ஜூன் பாதியாகியும் அடுத்தது வரவில்லை. மேசிரி மாமா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். காலையில் தபால் வருகிற பஸ் எங்கள் ஸ்டாப்பில் நிற்கும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து அந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார், தலைக்கு மேலே எங்கள் கல்லோடு. தபால்காரர் இறங்கித் தலையை ஆட்டுவார். மாமா எழுந்து வீட்டுக்குப் போவார். வாசகசாலை டிவியில் செய்தி நேரத்துக்குக் கூட்டம் கூடும். அவர் வந்தால் சத்தத்தைக் குறைப்பார்கள். அவர் வீட்டில் சமைக்கிற சத்தமே கேட்காது. நான் குழம்பு கொண்டு கொடுத்தால், கழுவிய பாத்திரம் மறுநாள் மதிலின் மேல் இருக்கும். 

அண்ணன் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டான். பஸ் ஏற அடுத்த ஸ்டாப்புக்கு நடந்தான்.

இந்த நேரம் பார்த்து, குவைத்தில் அண்ணனோடு இருந்த ஒருவன் ஊர்ப்பக்கம் வந்தான். பழைய கதை பேசுகிற சுகத்தில் பார்பர் ஷாப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறான், உஸ்தாதைப் புகழ்ந்துதான். ஆனால் கேட்டவர்கள் காதில் ஒரே ஒரு சொல்தான் ஏறியது. சாயங்காலத்துக்குள் ஜங்ஷன் முழுக்கத் தெரிந்துவிட்டது. மேசிரி மாமாவிடம் நேரில் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இளவட்டங்கள் ஆறேழு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மரியாதையாகத்தான் பேசினார்கள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நம்முடைய பையன் அங்கே குண்டுக்கு நடுவில் நிற்கும்போது அந்த நாட்டுக்காரனுக்கு இங்கே ஸ்மாரகம் இருக்கக் கூடாது என்றார்கள். ஷெட்டைத் தொட மாட்டோம், கல்லை மட்டும் எடுப்போம் என்றார்கள். அண்ணன், நான் எடுக்க மாட்டேன், எடுக்கிறவர்களைத் தடுக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். நான் சும்மா இருக்கவில்லை. செத்துப்போன ஒரு மனிதன் எந்த மலையில் நின்று சுடுகிறான் என்று கேட்டேன்.  ஒருத்தன் சமாதானமாகச் சொன்னான்:

"டீச்சர், நாங்க சும்மா இடிக்க வரல்ல. அதே இடத்தில நல்ல கல்லு ஒண்ணு வைக்கப் போறோம். ஞாயித்துக்கிழமை பாருங்க. டீச்சருக்கே சந்தோசமா இருக்கும்."

என்ன கல் என்று சொல்லவில்லை. ரகசியமாக வைத்திருந்தார்கள். பெயர்ப்பதும் பதிப்பதும் மேசிரி மாமாவேதான் செய்ய வேண்டும் என்று அவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். பழைய கல்லில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று ஏதோ காரணம் சொன்னார்களாம். அவர் சரி என்றுவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார் மாமா. முகம் சுண்டிப்போயிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில், அயல்க்காரனை நேசிக்கச் சொல்கிற பகுதியை வாசித்தார்களாம். அன்றிலிருந்து ஒரு சந்தேகம் என்றார்.

"மக்கா, நீ எழுதின கல்லில உள்ள அயலானும் அதே ஆளா? இல்ல, திருநேலிக்காரன் சொன்ன அயலானா?"

அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போது எனக்குப் புரிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனாலும் அவர் என்னிடம் கேட்டார். பொய் சொல்ல எனக்கு எல்லா வசதியும் இருந்தது. அயலான் என்றால் பக்கத்து வீட்டுக்காரன், அவ்வளவுதான், வேறு பேச்சை நம்பாதீர்கள் என்று ஒரு தமிழ் டீச்சர் சொன்னால் அது செல்லும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இரண்டு வருடம் மறைத்தது போதாதா என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது.

"ரெண்டும் ஒரே ஆளுதான் மாமா" என்றேன். பிறகு சாவடியையும் தோளில் போட்ட கையையும் சொன்னேன். நாட்டின் பெயரையும் என் வாயால் சொன்னேன்.

மதிலில் முளைத்திருந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.  திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் செய்தது நேர்மையா, மகனைக் காணாமல் தவிக்கிற ஒரு மனிதனை மிதித்ததா என்று தெரியாமல் நின்றேன்.

ஞாயிறு பிற்பகல் மழை விட்டிருந்தது. ஸ்டாப்பில் நாற்பது ஐம்பது பேர். புதுக் கல் அதியன்னூரில் ஒரு கல்வெட்டுக்காரரிடம் செய்தது; ஜீப்பில் வந்து இறங்கியது, செய்தித்தாள் சுற்றி, கயிறு கட்டி. அண்ணன் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கரண்ட் கம்பத்தோரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான், மழையே இல்லை. போய்விடலாம் வா என்று நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "போட்டும், நீ போ. நான் நிக்கேன்" என்றான். அந்த ஆளைச் சுவரோரம் தனியாக விட்டுவிட்டுப் போவதுபோல் அவனுக்கு இருந்திருக்க வேண்டும்.

மேசிரி மாமா உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார். பெஞ்சின் மேல் ஏறினார். கல்லின் இடப்பக்க விளிம்பில் உளியை வைத்து ஓங்கி அடித்தார். சிமெண்ட் தெறித்தது. அடுத்த அடி. என் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு அந்த நிமிடம் மாமாவை வெறுக்கத் தோன்றியது. வெறுத்தேன் என்றே எழுதுகிறேன்.

இரண்டு அடி அடித்துவிட்டு அவர் நிறுத்தினார். புதுக் கல்லின் அளவு தெரியாமல் எவ்வளவு பெயர்ப்பது, அதைப் பிரியுங்கள் என்றார். வேலைக்காரன் கேட்கிற சாதாரணக் கேள்வி. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கயிற்றை அறுத்து, செய்தித்தாளைக் கிழித்து, கல்லை அவரைப் பார்த்து நிமிர்த்திப் பிடித்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

மேலே 'தீர ஜவான்', வீரச் சிப்பாய் என்று. நடுவில் பெரிய எழுத்தில் அவருடைய மகனின் பெயர். அதற்குக் கீழே, அழகாக வளைத்து, 'ஸ்மாரகம்'.

கைதட்டல் தானாக நின்றது. படிக்கத் தெரிந்த ஒவ்வொருவராக அந்தக் கடைசிச் சொல்லுக்கு வந்து சேர்ந்தார்கள். பையன்கள் எழுதிக் கொடுத்தது மேலே உள்ள இரண்டு வரிதானாம். கல்வெட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க வெயிட்டிங் ஷெட்டுக்குக் கல் வெட்டியவர்; பெயருக்குக் கீழே அந்தச் சொல் இல்லாத கல்லை அவர் வெட்டியதே இல்லை. கை தன் பழக்கத்தில் வெட்டிவிட்டது. வாங்க வந்தவர்கள் கயிறு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

மேசிரி மாமா பெஞ்சிலிருந்து இறங்கினார்.  கல்லுக்கு முன்னால் குத்தவைத்து, அந்தச் சொல்லின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

ஒரு பையன், அது சும்மா ஒரு வார்த்தைதான், உளியால் தட்டி எடுத்துவிடலாம் என்று திணறினான். 

"எலே, எனக்க மவன் செத்தா போனான்?" என்று கேட்டார் மாமா. சத்தம் எழும்பவே இல்லை. அந்தப் பையன் அழுதுவிட்டான்.

பிறகு எழுந்தார். உளியை மடியில் செருகிக்கொண்டார். மேலே பழைய கல்லைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"செத்தவனுக்க கல்லு ஒண்ணு இங்க உண்டு. அது மதி, போதும். வேற ஒருத்தனுக்க பேரும் இங்க ஏற வேண்டாம்."

 அவர் புதுக் கல்லைத் தனியாகத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. உதவ வந்த பையன்களைக் கையால் விலக்கினார். அப்போது அண்ணன் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு ரோட்டைக் கடந்தான். கல்லின் மறுமுனையைப் பிடித்தான். மாமா அவனை ஒரு தடவை பார்த்தார். பிடியைக் கொஞ்சம் இடம் மாற்றிக் கொடுத்தார். எழுத்து உட்பக்கம் இருக்கும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நடந்தார்கள். அவர் வீட்டுக் கிணற்றடியில் கொண்டுபோய்க் கவிழ்த்துப் போட்டார்கள்.

இதை நான் பள்ளிக்கூடத்தில் சொன்னால், பார்த்தீர்களா, மனிதர்கள் எவ்வளவு பெரிய மனசுக்காரர்கள் என்று சொல்ல ஆள் உண்டு. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. மாமா எங்கள் உஸ்தாதை மன்னித்தாரா, மன்னிக்க ஏதாவது இருந்ததா, எனக்குத் தெரியாது. அவர் தன் மகனை அந்தக் கல்லிலிருந்து காப்பாற்றினார். அந்த இடம் காலியாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக எங்கள் ஆளை அங்கேயே இருக்கவிட்டார். சாவடியில் செய்ததையே அந்த உஸ்தாத் இங்கே இன்னொரு தடவை செய்ததாக அண்ணன் நினைத்தான். என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னான், பிறகு பேசவில்லை.

மறுநாள் காலையிலும் மாமா அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அண்ணன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். பன்னிரண்டு நாள் இரண்டு பேரும் அப்படி இருந்தார்கள். பதின்மூன்றாவது நாள் தபால்காரர் பஸ் நிற்பதற்கு முன்பே கையை வெளியே நீட்டிக் கடிதத்தை ஆட்டினார்.

கிறிஸ்துமஸுக்கு மகன் லீவில் வந்தான். மெலிந்து, இடது காது கொஞ்சம் மந்தமாகி வந்தான். வந்த மறுநாள் காலை கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். அந்தக் கருங்கல்லின் மேல் நின்று, வாளி வாளியாகத் தலையில் கொட்டிக்கொண்டான். அவன் பெயர் அவன் காலுக்கடியில் மண்ணைப் பார்த்துக் கிடந்தது. அவனிடம் யாரும் சொல்லவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நானும் அண்ணனும் நின்றோம். 

"அப்பா, நல்ல கல்லா இருக்கே. வழுக்கவும் இல்ல. எங்கேருந்து வந்து?" என்று கேட்டான்.

மேசிரி மாமா துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்து முடித்து உதறினார்.

"அயலான் தந்ததாக்கும்."

பையன் எங்களைப் பார்த்து, நன்றி சொல்வதுபோல் தலையை அசைத்துச் சிரித்தான். அண்ணனும் பதிலுக்குத் தலையை அசைத்தான். தமிழ் டீச்சரான நான் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை.